ஆலிவ் க்ரோஸியர் போடாத ஓட்டு

ஆலிவ் க்ரோஸியருக்கு மூக்கு நீளம். முகத்தில் இருக்கிற மூக்கைச் சொல்லவில்லை, அது அளவாகத்தான் இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை லிவர்பூலுக்குக் கப்பலேறினான், யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள், எந்த வீட்டு மாடியில் புதுத் திரை தொங்குகிறது, இதெல்லாம் தெரியாவிட்டால் அவளுக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது. புருஷன் வில்பர்ட்டுக்கு முட்டை வியாபாரம். எங்கள் ஃபெர்மானா மாவட்டத்துக் குன்றுகளில் பண்ணை பண்ணையாக வேனை ஓட்டிப்போய் முட்டை எடுப்பார். தட்டுகளை ஏற்றி இறக்க ஆலிவும் கூடப் போவாள். தட்டு தூக்கின நேரம் பாதி, வம்பளந்த நேரம் பாதி. இவர்கள் வீடு அவர்கள் வீடு என்று பார்க்காமல் எல்லார் வீட்டுக் கோழியும் முட்டையிட்டதால், எல்லார் வீட்டுக் கதையும் அவளிடம் வந்து சேர்ந்தது.

இந்த மூக்கு கட்சிக்கு உதவும் என்று முதலில் கண்டுகொண்டவர் செசில் நோபிள். யூனியனிஸ்ட் கட்சிக்கு எங்கள் வட்டாரத்துச் செயலாளர் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் தேர்தல் என்றால் கொள்கை, வாக்குறுதி என்றெல்லாம் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. லண்டனோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்கிற யூனியனிஸ்டுகள் ஒரு பக்கம், டப்ளினோடு சேர வேண்டும் என்கிற நேஷனலிஸ்டுகள் இன்னொரு பக்கம். முன்னவர்கள் ப்ராட்டஸ்டன்ட் கோயிலுக்குப் போவார்கள், பின்னவர்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு. ஒருத்தர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது அவர் ஞானஸ்நானம் வாங்கின அன்றே முடிவான சங்கதி. தலைகளும் ஏறக்குறையச் சமம். ஆகவே வெற்றி தோல்வி ஒரே ஒரு விஷயத்தில்தான் இருந்தது: எந்தப் பக்கம் அதிகமான செத்தவர்களை எழுப்பிக் கூட்டி வருகிறது என்பதில். இந்தக் கள்ள ஓட்டில் எந்தக் கட்சிக்கும் வெட்கம் கிடையாது. அந்தச் செத்தவர்களை வாசலிலேயே பிடித்து நிறுத்துவதுதான் பூத் ஏஜென்ட் வேலை. ஆலிவை அந்த வேலைக்குத்தான் செசில் உட்கார வைத்தார்.

பள்ளிக்கூடத்து வகுப்பறையில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தை இடிக்க அவள் முதல் தேர்தலுக்கு உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலியில் இன்னொருத்தி அதேபோல மடங்கி உட்கார்ந்திருந்தாள். அட்ராக்டா கில்லீஸ், நேஷனலிஸ்ட் ஏஜென்ட். ஊர்க் கடைத்தெருவில் துணிக்கடையில் வேலை. கறுப்பு டையும் கறுப்பு முக்காடும் அவள் கையால்தான் விற்பனையாகும் என்பதால் எந்த வீட்டில் எப்போது சாவு விழுந்தது என்பது அவளுக்கு அத்துப்படி. ஐம்பதுகளின் தொடக்கம் அது. இருவருக்கும் முப்பதுக்குள்தான் வயது.

அன்று முழுக்க ஒருத்தி மற்றவளின் ஆட்களை முறைத்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் ஆன பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது.

"மிசஸ் க்ரோஸியர், நீங்க இன்னும் ஓட்டுப் போடலியே" என்றாள் அட்ராக்டா.

"நீங்களும்தான் போடல, மிஸ் கில்லீஸ்."

"போயிட்டு வாங்க. நான் இங்க பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் பயம். நான் உள்ள போய் பென்சிலத் தேடறதுக்குள்ள உங்க ஆளுங்க ஒரு கல்லறைத் தோட்டத்தையே காலி பண்ணி உள்ள கூட்டிட்டு வந்துருவாங்க."

"உங்க ஆளுங்க மட்டும் என்ன, ஜெபம் பண்ணவா வாசல்ல நிக்கறாங்க?"

இருவரும் எழுந்திருக்கவில்லை. மறைப்புக்குள் போய் ஒரு குறி போட்டுவிட்டு வர ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷத்துக்கு மற்றவளிடம் முதுகைக் காட்ட இருவருக்கும் துணிச்சல் இல்லை. கதவு சாத்தும் நேரம் நெருங்கியது. அட்ராக்டா ஃபிளாஸ்கில் இருந்த கடைசித் தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"யோசிச்சுப் பாருங்க. நான் போட்டா எங்களுக்கு ஒண்ணு, நீங்க போட்டா உங்களுக்கு ஒண்ணு. என்னோடத உங்களோடது அடிச்சுரும். போட்டாலும் அதே கணக்கு, போடாட்டியும் அதே கணக்கு. பேசாம ரெண்டு பேரும் உக்காந்தே இருப்போமா?"

"நீங்க நடுவுல எந்திரிக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நாள் பூரா உங்க கண்ணு என் மேலதானே இருக்கு. எந்திரிச்சா தெரியாமயா போயிரும்?"

இப்படி அவநம்பிக்கையில் பிறந்தது அந்த ஒப்பந்தம். அடுத்த தேர்தலிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதே. பூத்தில் உட்காரும் தேர்தல் ஊழியர்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊர்க்காரர்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று கட்சிக்குச் சொல்கிறவர்களே இந்த இரண்டு பேர்தான். தங்கள் பெயருக்கு நேரே கொஞ்சமும் கூசாமல் 'போட்டாச்சு' என்று குறித்துக்கொடுத்தார்கள். செசில் நோபிள் ஒவ்வொரு மேடையிலும் ஆலிவைக் காட்டி, "இந்த அம்மாவப் பாத்துக் கத்துக்கங்க, ஒரு ஓட்டு விட்டதில்ல" என்று சொல்வார். ஆலிவ் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

செத்தவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் யார் செத்தார்கள் என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதனால் ஆலிவ் எதிர்த்தரப்புச் சாவு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கோயிலுக்குள் கால் வைக்க மாட்டாள், அது எங்கள் ஆட்களுக்கு ஆகாது. வெளியே கேட்டருகே நின்று, பெட்டி போவதைப் பார்த்து, மனசில் ஒரு பெயரை அடித்துவிட்டு வருவாள். ஆனால் கேட்டருகே நிற்கிறவளிடம் வீட்டுக்காரர்கள் வந்து கை கொடுக்கத்தானே செய்வார்கள்? கொடுத்த கையைப் பிடித்து ரெண்டு வார்த்தை பேசத்தானே வேண்டும்? ஒரு குளிர்காலம் காய்ச்சலில் அவள் படுத்துவிட்டாள். அப்போது கணவனைப் புதைத்த கத்தோலிக்க விதவை ஒருத்தி வில்பர்ட்டை வேனோடு நிறுத்திக் கேட்டாளாம்: "ஊர்ச்சாவுக்கெல்லாம் வர்றவங்களுக்கு எங்க வீட்டுச் சாவு மட்டும் இளக்காரமாப் போச்சா?" வேவு பார்க்கப் போனவளுக்கு இப்படி ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. அட்ராக்டாவும் இந்தப் பக்கத்துச் சாவுகளில் அப்படித்தான் நின்றாள்.

எழுபதுகளில் எங்கள் சாலைகளில் இரத்தம் சிந்திற்று. ஆலிவின் சித்தப்பா மகன் ஐவர், பகுதிநேரச் சிப்பாய். பசுவுக்குத் தீனி வைக்கப் போனவனை எதிர்த்தரப்புத் துப்பாக்கிக்காரர்கள் வேலிக்குப் பின்னாலிருந்து சுட்டுவிட்டார்கள். அடக்கத்தன்று மழை. கேட்டுக்கு வெளியே முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்ட அட்ராக்டா நின்றிருந்தாள். ஆலிவ் அவள் நீட்டின கையை வாங்கவில்லை.

சில வாரத்தில் தேர்தல் வந்தது. அந்த முறை காலை முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு ஓட்டுப் போட்டே தீருவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டுதான் ஆலிவ் வந்திருந்தாள். மதியம் எழுந்து நின்றாள். அட்ராக்டா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போங்க" என்றாள் மெதுவாக. "போட்டுட்டு வாங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

ஆலிவ் நின்றாள். மறைப்பு பத்தடி தூரத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தாள் என்பது, ஊர் வீட்டு அடுப்புகளையெல்லாம் துருவிப் பார்த்தவளுக்கு, கடைசிவரை பிடிபடவே இல்லை.

ஓட்டுப் போட அடையாள அட்டை வேண்டும் என்று சட்டம் வந்து எங்கள் செத்தவர்களுக்கெல்லாம் ஓய்வு கிடைப்பதற்கு முந்தைய கடைசித் தேர்தல். அந்த வசந்தத்தில் அட்ராக்டா படுக்கையில் விழுந்தாள். வயிற்றில் கட்டி, அறுத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள் என்று ஆலிவ் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் போனதில்லை. இனிமேல் போனால் இரண்டு தெருவும் பேசும். அதனால் வில்பர்ட்டிடம் ஒரு தட்டு பழுப்பு முட்டை கொடுத்தனுப்பினாள். காலித் தட்டு ஒரு சேதியோடு திரும்பி வந்தது.

"நான் அங்க உக்காரலன்னாலும் பேச்சு பேச்சுதான்னு உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார் வில்பர்ட். "என்ன பேச்சு?"

"முட்டைப் பேச்சு" என்றாள் ஆலிவ்.

தேர்தலன்று காலை பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது கில்லீஸ் வீட்டை அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் திரை ஏறியிருந்தது. எங்கள் ஊரில் ஓர் உயிர் போனால் முதலில் திரையைத்தான் இறக்குவார்கள். இன்னும் இருக்கிறாள் என்று ஆலிவுக்கு நிம்மதி.

வாசலில் செசில் நோபிள் சட்டையில் கட்சிப் பட்டை குத்திக்கொண்டு உற்சாகமாக நின்றிருந்தார்.

"ஆலிவ், கேட்டியா? கில்லீஸ் பொம்பளைக்குப் பதிலா டவுன்லேர்ந்து ஒரு படிக்கிற பையன அனுப்பிருக்காங்க. அவனுக்கு இங்க ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. இன்னைக்கு நம்ம கல்லறைக்கும் லீவு விட்டாச்சு."

"வெக்கமா இல்லையா மிஸ்டர் நோபிள்?"

"வெக்கத்துக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். இந்தத் தடவை விரல் விட்டு எண்ணிரலாம் வித்தியாசத்த. ஒண்ணு ஒண்ணும் தங்கம்."

சொன்னபடியே முற்பகலில் காலஞ்சென்ற ஹெர்பி பீட்டி அவர் மருமகன் உருவத்தில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். தன் கட்சி ஆள் என்பதால் ஆலிவ் வாய் திறக்கவில்லை. ஆனால் உடம்பெல்லாம் அரித்தது. அட்ராக்டா இருந்திருந்தால் விலாவில் ஓர் இடி இடித்து, "ஹெர்பிக்கு அந்த ஈர மண்ணு ஒத்துக்கலியோ?" என்று கேட்டிருப்பாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலத் தேநீர் நேரத்தில் முப்பத்தைந்து வயதிருக்கும் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஊழியர் பெயரை உரக்கப் படித்தார்:

"அட்ராக்டா கில்லீஸ்."

ஆலிவின் பென்சில் நின்றது. பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கில்லீஸ் தாடை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேவனில் கட்டிக்கொடுத்த அட்ராக்டாவின் தங்கை மகள் டிம்ப்னா. சின்ன வயசில் லீவுக்கு வரும்போது வேனுக்குப் பின்னாலேயே ஓடிவருவாள். இவளை ஓட்டுப் போட அனுப்பியிருக்கிறாள்! பேச்சு பேச்சுதான் என்று எனக்குச் சேதி சொல்லிவிட்டு, நான் இங்கே முழங்கால் வலிக்க உட்கார்ந்து வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது, படுக்கையில் படுத்துக்கொண்டே முதுகில் குத்துகிறாளா? ஐவர் செத்த வருஷத்திலேயே போடாத ஓட்டு! அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"ஆட்சேபணை" என்றாள் ஆலிவ்.

வாசல் போலீஸ்காரர் நாற்காலியை நகர்த்தினார். இனி ஆலிவ் ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் அந்தப் பெண்ணை அவர் கையோடு கூட்டிப்போய்விடுவார். தலைமை அதிகாரி, ஓமா ஊரில் வங்கியில் வேலை பார்க்கிறவர், சட்டப்படி கேட்க வேண்டிய இரண்டு கேள்வியைக் கேட்டார்.

"பட்டியல்ல அட்ராக்டா கில்லீஸ்னு இருக்கறது நீங்கதானா?"

"ஆமா. நான்தான்."

"இந்தத் தேர்தல்ல ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

இதில் இல்லை, எதிலுமே இல்லை என்று ஆலிவ் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கோபம் ஒரு பக்கம். இந்த நாடகத்தை எந்த அளவுக்கு ஒப்பேற்றுவாள் பார்க்கலாம் என்கிற குறுகுறுப்பு இன்னொரு பக்கம். முன்னால் சாய்ந்து கேட்டாள்:

"ராத்திரி எப்படி இருந்துச்சு, மிஸ் கில்லீஸ்?"

"மிசஸ் க்ரோஸியர், சட்டத்துல ரெண்டு கேள்விதான்" என்றார் அதிகாரி.

"இது சட்டக் கேள்வி இல்ல சார். பழகினவங்க, சுகம் விசாரிக்கறேன்."

டிம்ப்னா கையுறையைத் திருகினாள்.

"வலி அதிகமாத்தான் இருந்துச்சு" என்றாள். "விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுருச்சு."

"இப்ப?"

"இப்ப எனக்கு ஒண்ணும் வலிக்கல, மிசஸ் க்ரோஸியர்."

"தேறிட்டீங்க, நல்லது" என்றார் அதிகாரி.

ஆலிவுக்கு மட்டும் விளங்கிற்று. ஏறியிருந்த ஜன்னல் திரையும் விளங்கிற்று. பூத் மூடும்வரை சாவை வெளியில் விடக்கூடாது, விட்டால் ஓட்டுப் போச்சு. இந்த வித்தை அவளுக்குத் தெரியாததா? அவள் பக்கத்து வீடுகளிலும் செய்ததுதான். அங்கே அந்த மாடியில் அட்ராக்டா வெளிச்சத்திலேயே கிடக்கிறாள்; திரையைக்கூட இறக்க விடாமல்.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பக்கத்துல ஆள் இருந்தாங்களா?"

"எல்லாரும் இருந்தாங்க. ஜெபமாலை சொல்லிட்டு இருந்தாங்க." பெண்ணின் குரல் உடைந்தது. "என் கை தங்கச்சி மக கையிலதான் இருந்துச்சு."

"ஆட்சேபணை உண்டா, இல்லையாம்மா?" என்று அதிகாரி பொறுமையிழந்தார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செசில் நோபிள் 'பிடி, பிடி' என்று கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

செத்தவர் யாரையும் உயிரோடிருப்பதாக ஆலிவ் தன் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"இல்ல சார். இவங்க மிஸ் கில்லீஸ்தான். இவங்களை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்."

ஓட்டுச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு டிம்ப்னா அவளருகே வந்து குனிந்தாள். பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாமாதான் அனுப்பினார்" என்று கிசுகிசுத்தாள். "பெரியம்மா ஒரு தேர்தல்லகூட ஓட்டுப் போடாம இருந்ததில்லையாம். இது விட்டுப்போகக் கூடாதுன்னு சொன்னார்."

"அவங்க ஏதாவது சொன்னாங்களாம்மா? ஓட்டப் பத்தி?"

"நேத்து மாமா கேட்டார், ஏதாவது ஏற்பாடு பண்ணட்டுமான்னு. வேணாம்னு தலையாட்டினாங்க. மறுபடி கேட்டார், மறுபடியும் வேணாம்னாங்க. களைப்புல சொல்றாங்கன்னு நெனச்சோம்."

ஆலிவ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மழையில் வாங்காமல் விட்ட கை ஞாபகம் வந்தது.

"ஆமா கண்ணு" என்றாள். "களைப்பா இருந்திருக்கும். நீ வீட்டுக்குப் போ."

பெண் போன பிறகு கறுப்புத் தகரப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாகக் கிடந்தபோதும் இரண்டு தடவை தலையாட்டி மறுத்திருக்கிறாள் அந்தப் பிடிவாதக்காரி. அவள் வாக்குத் தவறவில்லை. ஆனால் அவள் பெயரில் ஒரு ஓட்டு உள்ளே விழுந்துவிட்டது, கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதை எடுத்து நேர் செய்ய அட்ராக்டாவால் இனி முடியாது. முடிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

ஆலிவ் எழுந்து அதிகாரியிடம் போனாள்.

"எனக்கு ஒரு சீட்டு குடுங்க சார். ஆலிவ் க்ரோஸியர்."

"நீங்க இன்னும் போடலியா!" என்று பையன் வாயைப் பிளந்தான். "அதுவரைக்கும் உங்க பக்கம் யாரு பாத்துக்கறது?"

"நீங்க பாத்துக்கங்க தம்பி."

திரும்பிப் பார்க்காமல் மறைப்புக்குள் போனாள். பலகையில் நூல் கட்டித் தொங்கிய பென்சில் குட்டையாக இருந்தது. சீட்டில் பெயர்கள் இருந்தன, கண் நிறைந்துவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. கைக்குட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் நிறைந்தது. வேண்டாம் என்று சொன்னவளுக்கு எதிராகப் போட்டால்தான் அவள் சொன்ன சொல் நிற்கும் என்றால், இது என்ன நியாயம்? வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. தன் கட்சிக்காரர் பெயரைத் தேடிப்பிடித்து நேரே ஒரு பெருக்கல் குறி போட்டாள். கோணலாக விழுந்தது, ஆனாலும் செல்லும்.

சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். யாருக்கு ஓட்டு என்று பிறக்கும்போதே தெரிந்துவிடுகிற ஊரில் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறவரை அந்தப் போலீஸ்காரர் பார்த்ததில்லை போலும். சிரித்தபடி கேட்டார்:

"என்ன மிசஸ் க்ரோஸியர், யாருக்குப் போடறதுன்னு குழப்பமா?"

"குழப்பம் இல்ல தம்பி" என்றாள் ஆலிவ். "பழக்கம் இல்ல."